பழைய தோட்டாக் கூடும் உழவர் வீடும்

செங்கற்பட்டு ஜில்லாவில் படாளத்தைச் சுற்றியுள்ள நிலங்களில் கரும்பும் நெல்லும் வேர்க்கடலையும் முக்கியமான பயிர்கள். மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை படாளத்திலேயே அமைந்திருப்பதால் கரும்புச் சாகுபடி இவ்வட்டாரத்தில் வேரூன்றியுள்ளது. இம்மூன்று பயிர்களையும் நாசம் செய்யும் பிராணி காட்டுப்பன்றி. அது தின்பது கொஞ்சம். மிதித்தும் கிளறியும் கெடுப்பது அதிகம். ஓர் இரவில் ஒரு கூட்டம் புகுந்த வேர்க்கடலைக் கொல்லையை மறுநாள் காலையில் காணும் விவசாயிக்குத் துப்பாக்கியின் நினைவு வருதல் இயற்கையே.

துப்பாக்கியின் நினைவு வந்தவுடன் தோட்டாவின் விலையும், அதை வாங்குவதற்கு நகரத்துக்குப் போய் வரும் அலைச்சலும் நினைவுக்கு வருகின்றன. அப்பொழுதுதான், சுட்டுக் கழித்த பித்தளைக் கூட்டைத் துலக்கிச் சீர்செய்து வீட்டிலேயே மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாமே என்ற யோசனை தலையெடுக்கிறது. செம்பு, குடம், தாம்பாளம் முதலியவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் துலக்கிப் புழங்கும் குடும்பங்களில், பித்தளை என்றால் அழியாத பொருள் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. முன்னாளில் 12 போர் துப்பாக்கிகளுக்கு முழுப் பித்தளைக் கூடுகள் மறுபடி நிரப்புவதற்கென்றே விற்கப்பட்டதும் உண்டு. அத்தகைய கூடுகள் சில பழைய வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கின்றன.

இந்த வழக்கம் முற்றிலும் கைவிடத்தக்கது என்பதே இங்கு வற்புறுத்தப்படும் அபிப்பிராயம். சட்டம் தடுக்கிறது என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. சட்டமே இல்லாவிட்டாலும், பித்தளைக் கூட்டைப் பாதுகாத்து மறுபடி உபயோகிப்பதற்கு உழவர் வீட்டைக் காட்டிலும் பொருத்தமற்ற இடம் வேறில்லை. இதன் உண்மையை உணர, அந்தக் கூட்டின் இயல்பை முதலில் அறிய வேண்டும். 

கூட்டின் இயல்பு

தோட்டாக் கூட்டுக்கு உபயோகமாகும் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் உள்ளன. வட்டமாக வெட்டிய தகட்டைக் கிண்ணம் போல் அழுத்தி, அக்கிண்ணத்தைப் பல முறை அச்சுகளின் வழியே இழுத்து, நீண்ட குழாயாக்குகிறார்கள். இவ்வாறு இழுக்கும்போது உலோகம் ஒவ்வொரு முறையும் இறுகிக் கடினமாகிறது. ஆகவே தொழிற்சாலையில் இடையிடையே காய்ச்சி அதை இளக்குவார்கள். அடிப்பாகம் தடித்தும் கடினமாகவும், வாய்ப்பாகம் மெல்லியதாகவும் மிருதுவாகவும் இருக்கும்படி விடுவார்கள். ஒரே கூட்டில் இரண்டு குணங்களும் அமைந்திருப்பதே அந்தத் தொழிலின் நுட்பம்.

துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் மருந்து வாயுவாக மாறிப் பெரும் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அப்போது கூடு உப்பித் துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்புறமாகச் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயாமல் தடுப்பது இந்த ஒட்டுதலே. அழுத்தம் தணிந்ததும் பித்தளை தன் நெகிழ்ச்சியினால் சிறிது சுருங்குகிறது; அதனால்தான் வெற்றுக் கூட்டை எளிதில் வெளியே எடுக்க முடிகிறது. உப்பிச் சுருங்கும் இந்த ஒரு காரியத்திற்காகவே உலகெங்கும் தோட்டாவுக்குப் பித்தளை தேர்ந்தெடுக்கப்பட்டது. சுடுபவரின் கண்ணுக்கும் வெடிக்கும் நடுவே நிற்கும் காவல் அந்த மெல்லிய உலோகச் சுவர்தான். இன்று கடையில் கிடைக்கும் 12 போர் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிளாஸ்டிக் உடலும் உலோக அடியும் உள்ளன. ஆயினும் அடிப்பாகம் செய்யும் வேலை மாறவில்லை.

ஒரு முறை சுட்ட கூடு முன்னிருந்த அளவில் இராது. அதை மறுபடி உபயோகிக்க வேண்டுமானால், செலவான கேப்பை நீக்கி, கரியைக் கழுவி, விரிசல் பார்த்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டுபோன வாயை மட்டம் செய்ய வேண்டும். உப்புவதும் அச்சில் அழுந்துவதும் ஒவ்வொரு முறையும் பித்தளையை இறுகச் செய்கின்றன. ஒரு கம்பியைப் பன்முறை வளைத்து நிமிர்த்தினால் அது ஒடிந்துபோவதை யாவரும் அறிவர். இங்கு நிகழ்வதும் அதுவே. முதலில் வாயில் மயிரிழை போன்ற விரிசல் காணும். அது கண்ணுக்குத் தெரிவதால் அதனால் அபாயம் குறைவு. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, உட்புறத்தில், சுவர் மெலிந்து வளையம் போல் ஒரு கோடு விழுவதே பெரிய அபாயம். வெளியிலிருந்து பார்த்தால் கூடு பளபளப்பாகவே தோன்றும். அடுத்த வெடியில் அடிப்பாகம் தனியே பிரியலாம்.

இறுகிய உலோகத்தைக் காய்ச்சினால் இளகும் என்பது கன்னாருக்கும் தட்டாருக்கும் தெரிந்த விஷயம். கொல்லுலையிலோ அடுப்பிலோ கூட்டைக் காய்ச்சி எடுத்தால் புதியதாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வாய்ப்பாகத்தை மட்டும் இளக்க வேண்டும். அடிப்பாகம் கடினமாகவே இருக்க வேண்டும். முழுக் கூட்டையும் நெருப்பிலிட்டால் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய அடியும் மிருதுவாகி, வெடிக்கும்போது தாங்காமல் போகும். ஆகவே, கூட்டைச் சீர்செய்வதாக எண்ணி அடுப்பில் இடுவோர் அதன் உயிர்நாடியையே கெடுத்துவிடுகிறார்கள்.

துலக்குவதிலும் தவறு நேருகிறது. புளியும் செங்கல் தூளும் கொண்டு குடத்தைத் தேய்ப்பது போல் கூட்டைத் தேய்த்தால், சுவர் தேய்ந்து மெலியும். புளிப்பில் வெகுநேரம் ஊறவைத்தால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் எஞ்சிச் சிவந்த திட்டுகள் தோன்றக்கூடும். குடத்துக்கு அதனால் கேடில்லை. நீரைத் தாங்குவதே அதன் வேலை. கூடு தாங்க வேண்டியது வெடியை.

மாட்டுக் கொட்டகையும் பித்தளையும்

உழவர் வீட்டுக்கும் பித்தளைத் தோட்டாவுக்கும் உள்ள பகையை விளக்க இந்தியாவிலேயே நிகழ்ந்த ஒரு விருத்தாந்தம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், இந்நாட்டிலிருந்த படைகள் மழைக்காலத்தில் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, தோட்டாக்களைக் குதிரைக் கொட்டில்களில் சேமித்து வைப்பது வழக்கமாக இருந்தது. மழைக்காலம் கழிந்து எடுத்துப் பார்க்கையில், ஒரு முறையும் சுடப்படாத புதிய தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே பிளந்திருந்தன. மரம் காய்ந்து வெடிப்பது போல் காணப்பட்டதால் இதற்குப் பருவ வெடிப்பு என்ற பொருளில் பெயரிட்டார்கள். காரணம் வெகுகாலம் விளங்கவில்லை.

1921-ஆம் வருஷத்தில் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்னும் மூவர் இதை ஆராய்ந்து விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி, மழைக்காலத்து ஈரக்காற்றோடு கலந்து பித்தளையின்மீது படிந்தது. அச்சில் இழுக்கப்பட்டதனால் பித்தளைக்குள் ஓர் இழுவிசை எப்போதும் தங்கியிருந்தது. அம்மோனியா செம்பைக் கரைத்து நுண்ணிய பிளவை உண்டாக்க, உள்ளிருந்த இழுவிசை அப்பிளவை விரித்தது. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் கூடு பிளக்கும். ஒன்று மட்டும் இருந்தால் பிளவாது. கூடுகளைச் செய்து முடித்ததும் மிதமான சூட்டில் காய்ச்சி உள்ளிழுவிசையைத் தணிப்பதும், அம்மோனியா நெருங்காத இடத்தில் சேமிப்பதும் இதற்குப் பரிகாரமாயின.

இந்த விருத்தாந்தத்தைப் படிக்கும் விவசாயி தம் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும். குதிரைக் கொட்டில் இல்லாவிட்டாலும் மாட்டுக் கொட்டகை உண்டு. கோமியமும் சாணமும் மட்குகையில் எழும் நெடி அம்மோனியாவே. எருக்குழி அருகில் உண்டு. கோழிக்கூண்டின் அடியிலும் அதே நெடி. யூரியா மூட்டை ஈரம் கண்டால் அதிலிருந்தும் அம்மோனியா எழும்; அமோனியம் சல்பேட்டில் சுண்ணாம்போ சாம்பலோ பட்டாலும் எழும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்தால் வீட்டுக் காற்று முழுவதும் ஈரம். குதிரைக் கொட்டிலில் அக்காலத்துப் படையினர் அறியாமல் செய்த தவறு, உழவர் வீட்டில் வருஷம் முழுவதும் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

அதுவும், தொழிற்சாலையில் உள்ளிழுவிசை தணிக்கப்பட்ட புதிய கூட்டுக்கு அல்ல. சுட்டு, உப்பி, அச்சில் அழுந்தி, புதிய இழுவிசையை ஏற்றுக்கொண்ட பழைய கூட்டுக்கு இது நேர்கிறது. சில உலோக மெருகுத் தைலங்களிலும் அம்மோனியா சேர்ந்திருப்பதால், பளபளப்புக்காக அதைப் பூசுகிறவர் விஷத்தைத் தம் கையாலேயே தடவுகிறார். பச்சை பூத்த கூட்டை மட்டும் ஒதுக்கிவிட்டால் போதும் என்பதும் தவறு. பிளவு நுண்ணியதாக உட்புறம் ஓடும். மேலே பச்சை காணாமலும் இருக்கலாம்.

பழைய கேப்புகளினால் நேர்ந்த கேடு ஒன்றும் குறிப்பிடத்தக்கது. முன்னாளில் கேப்புகளில் பாதரசம் சேர்ந்த மருந்து இருந்தது. வெடித்தபின் அப்பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கும்படி செய்தது. மறுபடி நிரப்பிய கூடுகள் உடைவதைக் கண்ட அமெரிக்கப் படைத்துறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாதரசக் கேப்பையே கைவிட்டது. பாட்டனார் காலத்துக் கூடு பரணில் இருந்தால், அது எந்தக் கேப்பினால் சுடப்பட்டது என்று சொல்லக்கூடியவர் இன்று எவரும் இலர்.

எதிர்வாதங்கள்

இவ்வழக்கத்தை ஆதரிப்போர் சொல்லும் நியாயங்களையும் கவனிக்க வேண்டும். “முன்னோர்கள் செய்தார்களே, அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லையே” என்பது முதலாவது. முன்னோர்களில் கையிழந்தவரும் கண்ணிழந்தவரும் இருந்தால், அவர்களைப் பற்றிக் குடும்பங்களில் பேசும் வழக்கமில்லை. தப்பியவரின் கதையே தலைமுறைக்கு வருகிறது. மேலும், அக்காலத்தில் பெரும்பாலும் வழங்கியது கரிமருந்து. இக்காலத்துத் தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. ஒரே கரண்டி அளவில் இரண்டின் வலிமையும் வெகுவாக வேறுபடும். கரிமருந்துக்கென்று செய்யப்பட்ட பழைய குழலில், அளவு மாறிய புகையில்லா மருந்து வெடித்தால், கூடு மட்டுமன்றிக் குழலே பிளக்கும்.

“வெளிநாடுகளில் வீட்டிலேயே நிரப்புகிறார்களே” என்பது இரண்டாவது. அமெரிக்கா முதலிய சில தேசங்களில் சட்டம் அதை அனுமதிப்பது மெய்யே. அங்கே மருந்து செய்யும் கம்பெனிகளே, எந்தக் கூட்டுக்கு எந்த மருந்து எத்தனை நிறை என்று அட்டவணை அச்சிட்டு வெளியிடுகின்றன. துல்லியமான தராசு, அளவுமானி, அச்சு எல்லாம் கடைகளில் கிடைக்கின்றன. இத்தனை வசதிகள் இருந்தும் அங்கும் விபத்துகள் இல்லாமலில்லை. அவ்வசதிகளில் ஒன்றும் இல்லாமல், அனுமதியும் இல்லாமல், அவ்வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, பாசனமில்லாத மேட்டு நிலத்தில் நெல் நாற்றை நடுவதை ஒக்கும்.

“ரவை போடாமல் ஓசைக்கு மட்டும் நிரப்பினால் என்ன?” என்பது மூன்றாவது. ஓசைத் தோட்டாவுக்கும் கேப்பு வேண்டும், மருந்து வேண்டும். அவற்றைத் தேடி வாங்குவதும், சமையலறைக்கும் சாமி விளக்குக்கும் அருகே வைத்துக்கொள்வதும், கேப்பைக் கூட்டில் அழுத்திப் பொருத்துவதும் ஆகிய அபாயங்கள் அப்படியே இருக்கின்றன. சிவகாசி வட்டாரத்தில் பழகிய தொழிலாளிகள், விதிகளின்படி கட்டிய அறைகளில் வேலை செய்யும்போதும், உராய்வினாலும் வெப்பத்தினாலும் நேரும் வெடி விபத்துகளை நாடு வருஷந்தோறும் கேட்டு வருந்துகிறது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டுத் தாழ்வாரம் அதைவிடப் பத்திரமானதாக இருக்க முடியாது.

“தோட்டா விலை கட்டுபடியாகவில்லை” என்பது நான்காவது. இதில் நியாயம் உண்டு. ஆனால் மீதமாகும் பணத்தை ஒரு தட்டிலும், கெடக்கூடியதை மற்றொரு தட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். வலக்கையை இழந்த விவசாயி அறுவடைக்கு ஆள் வைக்கலாம். ஆயுள் முழுவதற்கும் ஆள் வைக்க இயலாது.

சட்டத்தின் நிலை

1878-ஆம் வருஷத்து இந்திய ஆயுதச் சட்டம் நீங்கி, அதன் இடத்தில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் அமுலில் உள்ளது. அதன் 13-ஆவது பிரிவு பயிர்க் காவலை மறக்கவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிப்பதைப் பற்றி அது தனியே கூறுகிறது. அந்தத் துப்பாக்கிக்குப் பித்தளைக் கூடே வேண்டியதில்லை என்பதை லைசென்ஸ்தாரர்கள் கவனிக்க வேண்டும்.

5-ஆவது பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் எவரும் தோட்டா உற்பத்தி செய்யலாகாது. துப்பாக்கி வைத்திருப்பதற்குரிய லைசென்ஸ் வேறு. தோட்டா உற்பத்திக்குரிய லைசென்ஸ் வேறு. முதலாவது இருப்பதனால் இரண்டாவதும் இருப்பதாக எண்ணுவது பெரும் பிழை. வெற்றுக் கூட்டுக்குப் புதிதாகக் கேப்பும் மருந்தும் இட்டு வெடிக்கத்தக்கதாக ஆக்குவது உற்பத்தியே என்று கொள்வதுதான் விவேகமாகும். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பிறகு இக்குற்றத்திற்கு 7 வருஷத்திற்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. அது ஆயுள் தண்டனை வரையிலும் நீளலாம். ஒரு சில தோட்டாக்களை மிச்சப்படுத்தப் போய், பன்றி தின்ற கடலையைவிடப் பன்மடங்கு பெரிய நஷ்டத்தை ஒரு குடும்பம் அடைய நேரிடும்.

வெற்றுக் கூடு ஒன்று வீட்டில் இருந்தாலே குற்றமோ என்று சிலர் அஞ்சலாம். தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் கருவிகளும் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் அடங்கும். ஆனால் மற்றப் பாகங்களோடு சேர்த்து உபயோகிக்கும் நோக்கமின்றி வைத்திருக்கும் சிறு பாகங்களுக்கு 45-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. எனவே, அலமாரியில் தனியே கிடக்கும் பாட்டனார் கூடு ஒரு பித்தளைத் துண்டு மட்டுமே. அதே கூட்டின் அருகில் கேப்பும் மருந்தும் அச்சும் இருந்தால், அதன் பொருள் வேறாகிவிடும்.

பன்றியைச் சுடுவதைப் பற்றியும் தெளிவு வேண்டும். காட்டுப்பன்றி 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பிராணி; 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. தம் நிலத்தில் புகுந்தது என்பதனால் மட்டும் அதைக் கொல்ல நிலச்சொந்தக்காரருக்கு உரிமை கிடையாது. ஆகவே, சட்ட விரோதமாக நிரப்பிய தோட்டாவினால் சட்ட விரோதமாகப் பன்றியைச் சுடுகிறவர், ஒரே வெடியில் இரண்டு வழக்குகளைத் தேடிக்கொள்கிறார்.

பொறுக்கி எடுத்த கூடுகள்

இந்த ஜில்லாவுக்கே உரிய மற்றோர் அபாயமும் உண்டு. அனுமந்தபுரத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல் உள்ளது. இத்தகைய திடல்களின் அருகே பித்தளையும் ஈயமும் பொறுக்கி, பழைய இரும்புக் கடையில் நிறைக்கு விற்கும் ஆசை ஏழை மக்களுக்கு எழுவது எதிர்பார்க்கத்தக்கதே. சுட்டுக் கழித்த கூடு எது, வெடிக்காமல் கிடப்பது எது என்று பொறுக்குகிறவர் அறிய வழியில்லை. திருப்போரூரை அடுத்த மானாமதியில் 2019 ஆகஸ்டு மாதத்தில், கோயில் குளத்தருகே கிடைத்த ஒரு பொருளைச் சாதாரண உலோகம் என்று எண்ணி இளைஞர்கள் கையாண்டபோது அது வெடித்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. அந்த ஊரார் அடைந்த துயரத்தை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

நிலச்சொந்தக்காரர்கள் தம்மிடம் வேலை செய்யும் ஆட்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். வயலில், ஏரியில், வாய்க்காலில் அறியாத உலோகப் பொருள் கிடந்தால் தொடாமல், அந்த இடத்தில் ஓர் ஆளைக் காவல் வைத்துப் போலீஸுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பித்தளை என்று கண்டவுடன் அதன் நிறையை மனத்தால் கணக்கிடும் பழக்கம் ஒழிய வேண்டும். படைக்காகச் செய்யப்பட்ட கூடு விவசாயியின் துப்பாக்கிக்குப் பொருந்தவும் பொருந்தாது. பொருந்தச் செய்ய முயல்வதோ தற்கொலைக்கு ஒப்பானது.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கவை

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் வழக்கு நேர்ந்தபின் சாட்சி சொல்வதோடு நில்லாமல், முன்கூட்டியே நல்ல காரியம் செய்யக்கூடியவர்கள். தத்தம் கிராமத்தில் துப்பாக்கி லைசென்ஸ் பெற்றவர் யார், அவர்களில் காலமானவர் யார் என்பதை அவர்கள் அறிவார்கள். லைசென்ஸ்தாரர் இறந்த வீட்டில்தான் பழைய தோட்டாக்களும் கூடுகளும் மருந்துச் சிமிழ்களும் அனாதையாகக் கிடந்து, விவரமறியாத பிள்ளைகள் கையில் சிக்குகின்றன. வைத்திருக்கும் உரிமை நீங்கிய ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தின் 21-ஆவது பிரிவு விதிக்கிறது. கருமாதி முடிந்து வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க வரும் குடும்பத்தாரிடம் இதை நினைவூட்டுவது உத்தியோகஸ்தர்களுக்குக் கஷ்டமான வேலையன்று.

தேர்தல் வரும்போதெல்லாம் லைசென்ஸ்தாரர்கள் தங்கள் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பது வழக்கத்தில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் பரணில் கிடக்கும் பழைய தோட்டாக்களைப் பற்றியும் எழுத்துமூலம் தெரிவித்து, அவற்றை என்ன செய்வது என்று அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது. பச்சை பூத்த பழைய தோட்டாவை அடுப்பில் எறிவதோ, கிணற்றில் போடுவதோ, மண்ணில் புதைப்பதோ ஒருபோதும் கூடாது. புதைத்ததை அடுத்த தலைமுறையின் கலப்பை கிளறும்.

பயிரைக் காக்கும் வழி

தோட்டா வேண்டாம் என்றால் பன்றிக்கு வழி என்ன என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. 2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் இதற்கு ஓர் ஏற்பாட்டை வெளியிட்டது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரையில் காட்டுப்பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். சுடும் பொறுப்பு வனத்துறையுடையதே என்பது கவனிக்கத்தக்கது. எனவே விவசாயி செய்ய வேண்டியது, சேதம் கண்ட அன்றே புல எண், பயிர், அழிந்த பரப்பு ஆகியவற்றைக் குறித்து மனுக் கொடுப்பது. தனித்தனியே பத்துப் பேர் முணுமுணுப்பதைவிட, ஒரே தாக்கில் நிலமுள்ள பத்துப் பேர் கையொப்பமிட்ட ஒரு மனு வலிமையுள்ளது.

மனு நடக்கும்வரை காவலும் வேண்டும். பன்றி பகலில் ஒதுங்கும் சீமைக் கருவேலப் புதர்களை வயலோரத்திலிருந்து நீக்குதல், பால் பிடிக்கும் பருவத்திலும் கடலை முற்றும் பருவத்திலும் அண்டை நிலத்தார் முறை வைத்துப் பரண் காவல் காத்தல், கம்பி வலை அடைத்தல் ஆகியவை அனுபவத்தில் பயன் தந்த முறைகள். சூரிய சக்தி வேலி அமைப்போர் 2023-ஆம் வருஷத்து மின்வேலி விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது, பன்றியைக் கொல்வதற்கு முன் பக்கத்து நிலத்துக்காரரைக் கொல்லும்; தோட்டா நிரப்புவதைப் போலவே அதுவும் கைவிடத்தக்கது.

அதிகாரத்தினிடம் மனுக் கொடுத்துப் பயன் என்ன என்று சலிப்போருக்குப் படாளத்திலிருந்து சில மைல் தூரத்திலேயே விடை இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சத்தினால் அந்த ஏரிநீர் உரநீராகிப் பயிரைச் செழிக்கச் செய்கிறது என்பதை அவ்வூர் விவசாயிகள் பன்னெடுங்காலமாக அறிவார்கள். கம்பெனிப் படைவீரர்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் பதிலுக்கு ஆயுதம் எடுக்கவில்லை. செங்கற்பட்டில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, 1798-ஆம் வருஷத்தில் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தாகவே பெற்றார்கள். 1858-இல் அது மறுபடியும் உறுதி செய்யப்பட்டது. இன்று அந்த ஏரி சட்டத்தினால் காக்கப்படும் சரணாலயம்; 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நீர்நிலைகளின் ஜாபிதாவிலும் சேர்க்கப்பட்டது. அவ்வூர் விவசாயிகள் தங்கள் சாகுபடிக்கு உதவிய ஒன்றைக் காத்துக்கொண்டது ஒரு காகிதத்தினால்தான். அன்று சுட்ட துப்பாக்கிகளின் கதி யாருக்கும் தெரியாது. காகிதத்தின் பலன் 200 வருஷங்களுக்குப் பின்னும் நிற்கிறது.

ஆகவே, தோட்டா தேவைப்படும் லைசென்ஸ்தாரர் அதை லைசென்ஸ் பெற்ற கடையில் வாங்குவதே முறை. கொட்டகையின் நெடியும் எருவின் ஈரமும் எட்டாத உலர்ந்த பெட்டியில், குழந்தைகளுக்கு எட்டாதபடி பூட்டி வைத்து, எண்ணிக்கையை நோட்டில் குறித்து வர வேண்டும். சுட்டபின் எஞ்சும் கூடு தன் வேலையை முடித்த பொருள். அதற்கு மறுபிறப்பு அளிக்க உழவர் வீடு ஏற்ற இடமன்று. நிலமும் மாடும் ஆளும் நம்பியிருக்கும் கையை ஒரு பித்தளைக் கூட்டின் சிக்கனத்துக்காகப் பணயம் வைக்காதிருப்பதே விவசாயிகளுக்கு விவேகம்.